துரையின் நாடி

றிச்மண்ட் ஹில் பிள்ளையாரை அந்த வேகத்தில் வேறு எவரும் சுற்றி நான் பார்த்ததில்லை. மற்றவர்கள் ஒரு சுற்றை முடிப்பதற்குள் அண்ணை மூன்றையும் முடித்துவிட்டு, சப்பாத்துத் தட்டுக்குப் பக்கத்தில் நின்று கார்த் திறப்பை விரலில் சுழற்றிக்கொண்டிருப்பார். இடையில் யாரையாவது முந்த வேண்டி வந்தால், "கொஞ்சம் விலத்துங்கோ அன்ரி" என்பார், கூப்பிய கையை எடுக்காமலே. அவருடைய மனைவி, நான் அக்கா என்று கூப்பிடுபவர், அப்போதுதான் முதல் மூலையில் திரும்பிக்கொண்டிருப்பார். உலகத்தைச் சுற்றி ஓடாமல், நின்ற இடத்திலேயே மாம்பழத்தை வென்ற கடவுளை ஒருவர் ஓடி ஓடிக் கும்பிடுகிறார் என்பது அங்கே எவருக்கும் வேடிக்கையாகப் பட்டதாகத் தெரியவில்லை.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் நான் கனடாவில் அவர்களுடைய வீட்டு பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருந்தேன். பிக்கரிங்கில் புதிதாகக் கட்டிய வீடு. வாசலில் நட்ட மரம் என் தோளுக்குக்கூட வரவில்லை. நான் பல்கலைக்கழகத்தில் உயிரியல் படித்தேன். நகரத்துக்கு ரெயினில் போய் வருவேன். காலையில் என்னை ஸ்ரேசனில் இறக்கிவிடுவது அண்ணை. எட்டு மணி ரெயினுக்கு என்று வெளிக்கிட்டு, அதற்கு முந்திய ரெயினைப் பிடித்து, சில நாட்களில் அதற்கும் முந்தியதைப் பிடித்து, விரிவுரை மண்டபத்தைக் கூட்டுகிறவர் வருவதற்கு முன்னமே போய்ச் சேர்ந்துவிடுவேன். நூலகம் மட்டும் திறந்திருக்கும். மிருகங்களைப் பற்றிய சஞ்சிகைகள் வாசலுக்குக் கிட்ட இருந்தன. எனக்குக் குதிரைப் பைத்தியம் பிடித்தது இப்படித்தான். அதற்கான பழியில் பாதி அவருடையது.

அவர் கொறியர் வான் ஓட்டினார். வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினெட்டாம் மாடியில் இருந்தவராம். அப்போது லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுக்காமல் படியால் இறங்குவார் என்று அக்கா சொல்லியிருக்கிறார். "நான் லிப்டில வந்து கீழை நிப்பன். இவர் மூச்சு வாங்கி வாங்கி வந்து, 'பாத்தீரோ, நான்தான் முதல்' எண்டுவார். நான் அங்கை நிக்கிறன், என்னைப் பாத்துக்கொண்டு."

கலியாண வீடுகளிலும் அப்படித்தான். எங்கள் ஆட்களின் அழைப்பிதழில் ஐந்து மணி என்று இருந்தால் அது ஏழு என்று கைக்குழந்தைக்கும் தெரியும். அண்ணை நாலரைக்குப் போய் நிற்பார். ஒருமுறை அவர் போனபோது அதே மண்டபத்தில் முந்திய கலியாணமே முடிந்திருக்கவில்லை. இத்தாலிக்காரருடையது. அண்ணை நேராகப் போய், மாப்பிள்ளையின் கையைக் குலுக்கி, அன்பளிப்பு உறையையும் கொடுத்து, இனிப்பும் சாப்பிட்டுவிட்டு வெளியே வந்த பிறகுதான் பொம்பிளை தமிழ்ப் பிள்ளை இல்லை என்று கவனித்திருக்கிறார். "கனடாவில கலப்புக் கலியாணம்தானே எண்டு நினைச்சன்" என்றார். அக்கா ஒரு வாரம் பேசவில்லை. அந்த ஒரு வாரத்தில் அவர் வேலைகளையெல்லாம் இன்னும் கெதியாக முடித்தார்.

"கெதியெண்டு" என்பதுதான் அவருடைய சொல். கெதியெண்டு சாப்பிடு, கெதியெண்டு வா, கெதியெண்டு நித்திரையைக் கொள். ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டவர்களுக்கு அவர் ஆளுக்கொரு காரணம் சொன்னார். ஒருவருக்குக் குளிர் என்றார். இன்னொருவருக்கு நீரிழிவு என்றார். என்னிடம், "பின்னுக்கு நிண்டவனை ஆர் தம்பி திரும்பிப் பாத்தது?" என்றார். ஒருநாள் லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அக்காதான், நான் கேட்காமலே, தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: "ஊரை விட்டு வெளிக்கிடேக்கை ரண்டு வான் நிண்டது. இவர் இடிச்சுப் பிடிச்சு என்னையும் இழுத்துக்கொண்டு முதல் வானில ஏறினவர். மற்ற வான் வரேல்லை." பிறகு லீக்ஸைச் சட்டியில் கொட்டினார். அது சத்தமாகப் பொரிந்தது.

குதிரை வந்தது ஒரு பார்சலால். பிக்கரிங்குக்கு வடக்கே, நகரம் முடிந்து சோளம் தொடங்கும் இடத்தில் ஒரு பண்ணை. அங்கே வளர்ப்பவை நாங்கள் படங்களில் பார்க்கும், முதுகில் ஆள் குந்தியிருக்கும் பந்தயக் குதிரைகள் இல்லை. இரண்டு சில்லு வண்டி ஒன்றைப் பின்னால் பூட்டி, அதில் ஒருவர் காலை நீட்டி இருந்து ஓட்டும் பந்தயத்துக்கானவை. ஒரு மைல் ஓட்டம். குதிரை நாலுகால் பாய்ச்சலில் பாயக்கூடாது, ஒரே நடையில் ஓடத்தான் வேண்டும். பாய்ந்தால் இழுத்துப் பின்னுக்கு விட்டுவிட வேண்டும். அண்ணை பார்சலைக் கொடுக்கப் போன அன்று, ஓய்வு பெற்ற கபில நிறக் குதிரை ஒன்று வேலிக்கு அந்தப் பக்கம் அவருடைய வானோடு சேர்ந்து ஓடியிருக்கிறது. வான் வேகம் எடுத்தால் அதுவும் எடுத்தது. வேலி முடிந்த இடத்தில் நின்று, தோற்றவன் மாதிரி அவரைப் பார்த்தது.

"இவனுக்குத் தனக்கு முன்னால் இன்னொரு வால் தெரியக்கூடாது" என்று பண்ணைக்காரர் சொன்னாராம். அவர் அதைக் குறையாகத்தான் சொன்னார். முதல் பாதியிலேயே எல்லாரையும் முந்தி, மூச்சை முடித்து, கடைசி வளைவில் தோற்றுத் தோற்றே ஓய்வுக்கு வந்த குதிரை அது. வீட்டுக்கு வந்த அண்ணை அதே வார்த்தைகளை எங்களிடம் பாராட்டாகச் சொன்னார். சனிக்கிழமைகளில் தொழுவம் துப்புரவாக்கிக் கொடுத்தால் குதிரையை அங்கேயே வைத்துப் பராமரிக்கலாம் என்று பண்ணைக்காரரோடு பேசியும் முடித்திருந்தார். அக்காவிடம் கேட்டது அதற்குப் பிறகு.

"வீட்டில ஒண்டு காணாதெண்டு இப்ப ரண்டோ?" என்றார் அக்கா.

பேர் வைத்ததும் அக்காதான். பந்தயப் பேர் நீளமான ஆங்கிலப் பேர், ஒருவர் வாயிலும் நிற்கவில்லை. "வேலை வெட்டி இல்லை. நேரத்துக்குச் சாப்பாடு. தேய்ச்சுவிட ஆள். துரைதான்." அது துரையானது.

துரையை வைத்து என்ன செய்வது என்ற கேள்விக்கு விடை என்னிடம் இருந்தது. எனக்கு இருபத்திரண்டு வயது. வாசித்ததெல்லாம் நடந்தே தீரும் என்று நம்புகிற வயது. சாப்பாட்டு மேசையில் சஞ்சிகையை விரித்தேன். நெடுந்தூரச் சவாரி. காட்டுப் பாதை, மேடு, பள்ளம், ஆறு. அரேபியக் குதிரைகள்தான் பெரும்பாலும் வருமாம். ஆனால் வண்டிப் பந்தயக் குதிரைக்குப் பெரிய நெஞ்சு, உறுதியான குளம்பு, வாகனத்துக்குப் பயமில்லை. இதைவிட என்ன வேண்டும் என்று நான் கேட்டேன்.

"ஓட்டப் போட்டியோ?" என்றார் அண்ணை. கண் பளிச்சிட்டது.

"போட்டி மாதிரித்தான். ஆனா முந்துறது பெரிசில்லை அண்ணை. முடிக்கவேணும். இருபத்தஞ்சு மைல். இடையில நிப்பாட்டி மிருக வைத்தியர் நாடி பாப்பார். முடிவிலயும் பாப்பார். வந்து அரை மணித்தியாலத்துக்குள்ள நாடி அறுபதுக்கு இறங்கவேணும். இறங்காட்டி வெளியில."

"முதலாவதா வந்தாலும்?"

"முதலாவதா வந்தாலும். முடிச்ச எல்லாரும் வெண்டதுதான்."

அவர் சஞ்சிகையைத் தன் பக்கம் இழுத்தார். "எல்லாரும் வெண்டால்," என்றார், "தோத்தது ஆர்?"

அண்ணைக்குக் குதிரைச் சவாரி தெரியாது. அதை அவர் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. துரைக்கும் தெரியாது என்பதுதான் வேடிக்கை. அதன் முதுகில் அதுவரை எவரும் ஏறியதில்லை. கட்டளை எப்போதும் பின்னாலிருந்துதான் வரும். அண்ணை முதல்முறை ஏறி "போ" என்றதும் அது கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது. ஆளைக் காணவில்லை. மற்றப் பக்கம் திருப்பிப் பார்த்தது. அங்கேயும் காணவில்லை. குரல் மட்டும் ஆகாயத்திலிருந்து வந்துகொண்டிருந்தது. பாவம், அது அசையாமல் நின்று யோசித்தது.

ஓடத் தொடங்கிய பிறகும் சிக்கல் தீரவில்லை. பந்தயத் திடலில் எப்போதும் இடப்பக்கம் சுற்றியே பழகியதால் வலப்பக்கம் திரும்பென்றால் அதற்கு அது ஒரு திசையாகவே தெரியவில்லை. இடக்கால் இரண்டும் ஒன்றாக, வலக்கால் இரண்டும் ஒன்றாக எடுத்து வைக்கும் நடை. மேலே இருப்பவர் ஊர் பஸ்ஸின் மிதிபலகையில் தொங்குகிறவர் மாதிரிப் பக்கத்துக்குப் பக்கம் ஆடுவார். ஏறத்தாழ ஒரு மைல் முடிந்ததும் துரை தானாக வேகத்தைக் குறைத்து, பெருமையாக மூச்சுவிட்டு, யாராவது வந்து போர்வை போர்த்துவார்கள் என்று காத்து நிற்கும். இன்னும் இருபத்துநாலு மைல் இருக்கிறது என்பதை அதற்கு விளங்கப்படுத்த ஒரு குளிர்காலமும் ஒரு வசந்தமும் போயின. அண்ணை விடவில்லை. சனிக்கிழமையோடு ஞாயிற்றுக்கிழமையும் போனது. அக்கா கோயிலுக்குப் பஸ் பிடித்து, இரண்டு பஸ் மாறிப் போனார்.

முதல் சவாரியில் நடந்ததற்கு அண்ணையைக் குற்றம் சொல்ல முடியாது. வண்டிப் பந்தயம் தொடங்கும் விதம் விசித்திரமானது. வெள்ளைக் கார் ஒன்று பின்பக்கம் இரண்டு நீளச் சிறகை விரித்துக்கொண்டு மெதுவாகப் போகும். குதிரைகள் அதற்குப் பின்னால் மூக்கை ஒட்டிக்கொண்டு வரிசையாக வரும். கார் திடீரென்று வேகமெடுத்து விலகும், அதுதான் தொடக்கம். அன்று காட்டுப் பாதையின் கேற்றைத் திறப்பதற்காக ஒழுங்கமைப்பாளர் ஒருவர் எல்லாருக்கும் முன்னால் ஒரு வெள்ளை ஸ்ரேசன் வாகனில் போனார். துரையின் காது இரண்டும் நிமிர்ந்தன. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், வாகனத்தின் பின் கண்ணாடியில் மூக்கை வைத்தது. வாகனம் வேகமெடுத்தது.

பிறகு நான் அவர்களைப் பார்த்தது முதல் சோதனை இடத்தில். மற்றக் குதிரைகள் வருவதற்கு வெகுநேரம் முன்னால் வந்துவிட்டார்கள். அண்ணையின் தொப்பியைக் காணவில்லை, முகத்தில் மரக்கிளை கீறிய கோடுகள், கண்ணில் ஆனந்தம். "தம்பி, ஒருத்தரையும் காணேல்லை" என்றார். துரையின் நாடி அரை மணித்தியாலம் கழித்தும் எண்பதில் நின்றது. வெளியே. வரிசையில் கடைசியாக வந்த ஒரு வயோதிகப் பெண்ணின் கழுதை நிறக் குதிரை சோதனையில் தேறி, எங்களைக் கடந்து ஆடி ஆடிப் போனது. அந்தப் பெண் எங்களுக்குக் கையும் காட்டினார்.

இரண்டாவது சவாரியில் வெள்ளை வாகனம் இல்லை. அண்ணை மட்டும்தான் இருந்தார். தனக்கு முன்னால் போன ஒவ்வொரு வாலாக முந்திக்கொண்டு போய், ஒரு ஓடைக்கரையில் துரை வலப்பக்கம் திரும்ப மறுத்ததில் நேராகத் தண்ணீருக்குள் விழுந்து, தோள் எலும்பை முறித்துக்கொண்டார். ஆறு கிழமை வான் ஓட முடியவில்லை. வீட்டில் இருந்தார். அந்த ஆறு கிழமையும் அக்கா பக்ரறி வேலைக்கு விரும்பிப் போய் வந்தார். ரிவி பார்க்கும்போது விளம்பரங்களைப் பார்த்து "கெதியெண்டு" என்று சொல்கிற ஒருவரோடு பகல் முழுக்க இருந்தது, கோடை விடுமுறையில் வீட்டில் நின்ற நான்தான்.

தோள் பொருந்திய பிறகு அக்கா தன் தீர்ப்பைச் சொன்னார். சத்தம் போடவில்லை, அவர் ஒருபோதும் போட்டதில்லை. சோற்றைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"இஞ்சருங்கோ. இன்னும் ஒருக்கா போங்கோ. முடிச்சால் துரை நிக்கட்டும், நான் வாய் திறக்கன். முடிக்காட்டில் அங்கையிருந்தே போகவேணும். பண்ணைக்காரரிட்டை நான் கதைச்சிட்டன். அடுத்த நாள் ஏலம் இருக்காம்."

"முடிப்பன்," என்றார் அண்ணை. "மெல்லமாப் போய் முடிப்பன்."

நானும் அக்காவும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். மெல்லமாக என்ற சொல்லை அந்த வாயிலிருந்து அதற்கு முன் நாங்கள் கேட்டதில்லை.

மூன்றாவது சவாரி இலை பழுக்கத் தொடங்கிய பருவத்தில் வந்தது. அன்றுதான் அக்கா முதல்முறையாக வந்தார். சல்வார், அதன் மேல் குளிர் ஜக்கெற், காலில் என்னுடைய மழைச் சப்பாத்து. பண்ணைக்காரரின் குதிரை ஏற்றும் ரெயிலர் வெளிப்புறத்தில் நின்றது. திரும்பும்போது அது எந்தப் பக்கம் திரும்பும் என்பது இன்னும் தீர்மானமாகவில்லை. அண்ணை எல்லாருக்கும் பின்னால் புறப்பட்டார். அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டார் என்று நினைக்கிறேன். நடுச் சோதனையில் துரையின் நாடி ஒழுங்காக இறங்கியது. அண்ணை அப்போது கழிவறை வரிசையில் நின்றார் என்பதை நான் கவனித்தேன், ஆனால் அதற்கு ஒரு அர்த்தமும் கொடுக்கவில்லை. துரைக்குக் குடிக்கக் கொடுத்த உப்புக் கரைசலின் வெற்றி என்று எண்ணினேன். அதைக் கலந்தது நான்.

அவர்கள் இரண்டாம் பாதிக்குப் போன பிறகு, அக்கா பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டே கேட்டார்.

"ஏலத்தில ஆர் தம்பி வாங்குவினம்?"

"இளசெண்டால் வேற பண்ணைக்காரர் வாங்குவினம் அக்கா."

"இது இளசில்லையே."

"இல்லை."

"அப்ப?"

சொன்னேன். வயது போன குதிரைகளை ஏற்றிக்கொண்டு போக லொறி வரும் என்றும், அது எங்கே போகும் என்றும். அக்கா தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்து முடித்தார். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

கடைசி மைல் ஒரு சரளை றோட்டு. இடப்பக்கமாக வளைந்து முடிவுக் கோட்டுக்கு வரும். நாங்கள் நின்ற இடத்திலிருந்து வளைவு முழுவதும் தெரிந்தது. முதலில் ஒரு சாம்பல் அரேபியன் வந்தது, நிதானமாக. அதற்குப் பின்னால், மரியாதையான தூரத்தில், துரையும் அண்ணையும். அண்ணை நிமிர்ந்து இருந்தார், கடிவாளத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தார், முகத்தில் வேள்விக்குப் போகிறவரின் அமைதி. நான் அக்காவிடம், "முடிச்சிட்டார்" என்றேன்.

அப்போதுதான் வளைவு தொடங்கியது. இடப்பக்க வளைவு. முன்னால் ஒரு வால்.

முந்த நினைத்தது யார் என்று இருவரும் பிறகு சொல்லவில்லை. சரளைக் கல் பறந்தது. அரேபியன் மேல் இருந்த பெண் திரும்பிப் பார்த்து ஓரம் ஒதுங்கினார். அண்ணை அவரைக் கடக்கும்போது எதையோ சொன்னார். "விலத்துங்கோ அன்ரி" என்றுதான் இருக்கும். முடிவுக் கோட்டை அவர்கள் பல குதிரை நீள இடைவெளியில் முந்திக் கடந்தார்கள். அதற்குப் பரிசு ஏதும் இல்லை.

அரை மணித்தியாலம் தொடங்கியது.

நான் வாளி வாளியாகத் தண்ணீரைக் கழுத்தில் ஊற்றினேன், வழித்தேன், மறுபடியும் ஊற்றினேன். அக்காவின் கையில் கயிறு. வேறு ஆள் இல்லை. முன்னங்கால் முழங்கைக்குப் பின்னால் ஸ்ரெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். எண்பதுக்கு மேல். கொஞ்ச நேரத்தில் எழுபத்தாறு. எழுபத்திரண்டு.

"எவ்வளவு தம்பி?" அண்ணை பக்கத்தில் வந்தார்.

காதில் குழாய் இருந்ததால் நான் அதைக் கேட்டேன். அவருடைய குரலை அல்ல. அந்தக் குரலுக்குத் துரையின் நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியதை. எழுபத்தெட்டு.

"இறங்குது அண்ணை."

"கெதியெண்டு இறங்கச் சொல்லு." தண்ணீர் வாளியைத் தூக்கினார், வைத்தார், துரையைச் சுற்றி ஒருமுறை நடந்தார், மணிக்கூட்டைப் பார்த்தார், மறுபடி சுற்றினார். கோயிலில் சுற்றுகிற அதே சுற்று. துரையின் காது அவர் போகிற பக்கமெல்லாம் திரும்பியது. மற்றப் பக்கம் அவர் போய்ச் சற்று நின்றபோது நாடி விழுந்தது. திரும்பி வந்ததும் ஏறியது. இரண்டு சுற்றிலும் அப்படித்தான். உப்பும் தண்ணீரும் இதில் செய்ய ஒன்றுமில்லை.

அவரிடம் நான் எப்படிச் சொல்வது? காலையில் என்னை ரெயினுக்குக் கொண்டுபோகிறவர். குனிந்தபடியே, அக்காவுக்கு மட்டும் கேட்கச் சொன்னேன்: "அக்கா, அவர் கிட்ட வந்தால்தான் ஏறுது. அவர் தள்ளி நிண்டால் இறங்கிப்போடும்."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு வெளிப்புறத்தில் நின்ற ரெயிலரைப் பார்த்தார். அவர் ஒரு சொல்லும் பேசத் தேவையில்லை. கயிற்றைப் பிடித்துக்கொண்டு சும்மா நின்றால் போதும்; மிச்சமிருந்த நேரம் தானாகவே முடிந்துவிடும், சனியும் ஞாயிறும் திரும்பி வந்துவிடும், இனிமேல் எவருடைய தோளும் முறியாது. அவர் நின்றார். நான் ஊற்றினேன். அண்ணை மூன்றாவது சுற்றுப் போனார்.

துரை தன் வியர்த்த முகத்தை அக்காவின் ஜக்கெற்றில் மேலும் கீழுமாக உரசித் துடைத்தது. பச்சை எச்சில் தோளிலிருந்து முழங்கை வரை இழுபட்டது.

"சீ," என்றார் அக்கா. பிறகு தலையைத் திருப்பாமல், "இஞ்சருங்கோ. போய் அந்த நீல வானுக்குப் பின்னாலை நில்லுங்கோ."

"என்னத்துக்கு?"

"நில்லுங்கோ எண்டால் நில்லுங்கோ. இஞ்சாலை எட்டிப் பாக்கக்கூடாது. கதைக்கவும் கூடாது."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"நான் கூப்பிடும் மட்டும்."

அந்த மனிதரிடம் ஒருவர் பின்னால் நில் என்று சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. வாயைத் திறந்தார். துரையைப் பார்த்தார். மூடினார். போனார்; வேகமாகத்தான் போனார். நீல வானுக்குப் பின்னால் அவருடைய சப்பாத்து இரண்டும் மட்டும் சில்லுகளுக்கு இடையால் தெரிந்தன. ஒரு சப்பாத்து தட்டிக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது.

அக்கா துரையின் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் கதைத்தார். பிள்ளைக்குச் சொல்வது மாதிரி இல்லை. பஸ் நிறுத்தத்தில் பக்கத்தில் நிற்பவரிடம் சொல்வது மாதிரி. "அவசரமில்லை. ஆறுதலா நில்லு. ஒருத்தரும் துரத்தேல்லை. ஒருத்தரும் வரேல்லை." துரையின் தலை தாழ்ந்தது. கீழ் உதடு தொங்கியது. ஒரு பின்னங்காலை ஓய்வாக மடித்து வைத்தது. அறுபத்தெட்டு. அறுபத்திரண்டு. அரை மணித்தியாலம் முடிய இன்னும் கொஞ்சம் இருக்கையில் மிருக வைத்தியர் வந்து குழாயை வைத்தார். ஐம்பத்தாறு என்று எழுதினார்.

குதிரையை ஒருவர் ஓட்டிக் காட்ட வேண்டும், நொண்டவில்லை என்று பார்ப்பதற்கு. என் கைகளில் வாளி. அக்கா என்னைப் பார்த்தார், வானைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார். பிறகு என் மழைச் சப்பாத்தோடு சளக் சளக் என்று அந்தப் புல்வெளியில் ஓடினார், சால்வை ஒரு பக்கம், துரை ஒரு பக்கம். இருபது வருடத்தில் அவர் ஓடியது அதுதான் என்று பிறகு சொன்னார். ஊரில் அந்த முதல் வானுக்கு ஓடியதை அவர் கணக்கில் சேர்க்கவில்லை. மிருக வைத்தியர் தலையை ஆட்டினார். தேறிவிட்டது.

அதற்குப் பிறகு, நான் மேற்படிப்புக்கு மொன்றியலுக்குப் போகும் வரை, துரை வேறு பல சவாரிகளை முடித்தது. ஒவ்வொரு சோதனையிலும் அண்ணை சொல்லாமலே இறங்கி, கயிற்றை அக்காவிடம் கொடுத்துவிட்டு, போய் ஒரு வானுக்குப் பின்னால் முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பார். புதிதாக வருகிறவர்கள், அந்த ஆள் என்ன பிழை செய்தார் என்று கேட்பார்கள். நான் விளக்கம் சொல்லத் தொடங்குவேன், இதயத்தையும் நரம்பையும் பற்றி. அக்கா இடைமறிப்பார். "அதுக்கும் அவரோடைதானே சீவியம்," என்பார். அவர்களுக்குத் தமிழ் விளங்காது. ஆனாலும் தலையை ஆட்டுவார்கள்.

என் மனதில் நிற்பது என்னவோ துரை முதல்முறை தேறிய அந்த நாள்தான். மிருக வைத்தியர் போய்விட்டார். ரெயிலர் பண்ணைப் பக்கம் திரும்பும் என்று தீர்மானமாகிவிட்டது. அக்கா கயிற்றை நீளமாக விட்டு, துரையைப் புல் மேய விட்டார். தானும் கவிழ்த்துவைத்த வாளியில் குந்தி, பிளாஸ்கைத் திறந்தார். வெயில் சாய்ந்திருந்தது. ஒருவரும் எங்கேயும் போகவில்லை.

வானுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல், எட்டிப் பார்க்காமல், மிகவும் சின்னதாகக் கேட்டது: "இறங்கிட்டுதோ?"

துரையின் காது நிமிர்ந்தது.

அக்கா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தார். "இறங்கிட்டுது," என்றார். "நீங்கள் உதிலையே நில்லுங்கோ."